வீட்டு நாயும் உண்ணித் தொல்லையும்

கோடை வெயில் ஏறத் தொடங்கியதும் வாயிற்படியில் படுத்திருக்கும் நாய் ஓயாமல் சொறிந்துகொள்வதைப் பல இல்லங்களிலும் காண்கிறோம். காதை விலக்கிப் பார்த்தால் உண்ணிகள். அவற்றைப் பிடுங்கி எறிந்தால் மறுவாரம் அதே இடத்தில் வேறு உண்ணிகள் முளைத்திருக்கும். சலித்துப்போய், குழந்தைகள் அழ அழ, நாயைக் கோணிப்பையில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவரும் குடும்பங்களும் உண்டு. இத்தொல்லை தீரக்கூடியதே. ஆனால் நாயின் உடலை மட்டும் பார்ப்பவர்க்கு அது தீராது. வீட்டுச் சுவரையும் பார்க்க வேண்டும்.

நம் நாய்களைப் பெரிதும் பற்றுவது பழுப்பு நாய் உண்ணி என்னும் இனம். இரத்தம் குடிக்கும் முன் இது எள்ளளவே இருக்கும். தட்டையாக, செம்பழுப்பு நிறத்தில் காணப்படும். வயிறு நிறைந்த பெண் உண்ணியோ சாம்பல் நிறமாகி ஆமணக்கு விதைபோல் உப்பிவிடும். இதனைப் பாலுண்ணி என்றோ மரு என்றோ எண்ணி விட்டுவிடுவோர் பலர். மயிரை விலக்கி உற்று நோக்கினால், தோலோடு ஒட்டிய இடத்தில் சிறு கால்கள் தெரியும். மருவுக்குக் கால்கள் இல்லை. தெள்ளுப்பூச்சியைப் போல் இது துள்ளாது. பற்றிய இடத்திலேயே இருக்கும். காதின் உட்புறம், கழுத்துப்பட்டையின் அடி, கால்விரல்களின் இடுக்கு, அக்குள், வாலின் அடி ஆகிய இடங்களை நாள்தோறும் தடவிப் பார்த்தல் நன்று.

இனி அதன் வாழ்வைக் காண்போம். வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கி, சுவர் வெடிப்பு, கதவு நிலை, கட்டிலின் இடுக்கு போன்ற இடங்களில் ஏறி மறைந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு மடிகிறது. முட்டையிலிருந்து தூசிபோன்ற ஆறுகால் குஞ்சுகள் வெளிவந்து நாயைத் தேடி ஏறுகின்றன. குடித்தபின் இறங்கிச் சுவரில் ஒளிந்து, தோலுரித்து, எட்டுக் கால்களுடன் மீண்டும் ஏறுகின்றன. மறுபடியும் இறங்கி, தோலுரித்து, முதிர்ந்த உண்ணிகளாக மூன்றாம் முறை ஏறுகின்றன. நம் நாட்டு வெப்பத்தில் இச்சுற்று இரண்டு மூன்று மாதங்களில் முடிந்துவிடும். முதிர்ந்த உண்ணி உணவின்றியும் பல மாதங்கள் உயிர்வாழ வல்லது. எனவே நாயைத் துரத்திவிட்டாலும் உண்ணி உடனே வீட்டைவிட்டுப் போய்விடாது.

சொறியும் எரிச்சலும் மட்டுமே இதன் தீங்கு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். உண்ணி நோயையும் சுமந்து வருகிறது. 1935-இல் அல்ஜீரியா நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட எர்லிக்கியா என்னும் நுண்ணுயிர் இவ்வுண்ணியின் வழியாகவே பரவுகிறது. 1960-களின் இறுதியில் வியட்நாமில் அமெரிக்கப் படையின் நாய்கள் ஏராளமாக மாண்டதற்கும் இதுவே காரணம். காய்ச்சல், உணவில் வெறுப்பு, வெளிறிய ஈறு, தோலடியில் இரத்தப் புள்ளிகள், சில வேளைகளில் மூக்கில் இரத்தம் கசிதல் ஆகியன இதன் அறிகுறிகள். சில நாட்களில் நாய் தேறியதுபோல் தோன்றும். நோயோ உள்ளேயே தங்கி, மாதங்கள் கழித்து எலும்பு மச்சையைத் தாக்கக்கூடும். பபேசியா என்னும் மற்றொரு நோயில் சிறுநீர் காப்பி நிறமாகலாம். இரண்டையும் இரத்தப் பரிசோதனையால் அறியலாம். முன்னதற்கு டாக்சிசைக்ளின் மருந்தை ஏறத்தாழ நான்கு வாரங்கள் இடைவிடாது தருவர்; நாய் வாலாட்டத் தொடங்கிவிட்டது என்று பாதியில் நிறுத்தலாகாது. பபேசியாவிற்கு மருந்து வேறு.

மனிதரும் விலக்கல்லர். இந்திய உண்ணிக் காய்ச்சலை மனிதரிடம் பரப்புவனவற்றுள் நாய் உண்ணியும் ஒன்று. நாயோடு விளையாடும் குழந்தைக்குக் காய்ச்சலும் உடலில் தடிப்பும் கண்டால், வீட்டில் உண்ணி இருப்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

ஒட்டியுள்ள உண்ணியை எடுக்கும் முறை எளிது. கூர்முனை இடுக்கியால் தோலோடு ஒட்டிய பகுதியைப் பற்றி, முறுக்காமல் மெல்ல நேராக இழுக்க வேண்டும். எடுத்ததைச் சாராயத்தில் (ஸ்பிரிட்) போடலாம். விரலால் நசுக்கலாகாது, இடுக்கி இல்லையேல் கையுறை அணிந்து எடுத்து, பின்னர் கையைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். தீக்குச்சியால் சுடுவதும் மண்ணெண்ணெய் பூசுவதும் நாயின் தோலைப் புண்ணாக்கும். வயலுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தில் நாயைக் குளிப்பாட்டுவது அதன் உயிருக்கே உலை வைப்பதாகும். முற்காலத்தில் பல வீடுகளில் இருந்த கமாக்சின் பொடி 1997-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய பொட்டலம் எங்கேனும் கிடந்தாலும் அதைத் தொடவேண்டாம். வேப்பெண்ணெய் ஓரளவு விரட்டலாம். அதை மட்டுமே நம்பியிருத்தல் போதாது.

இன்று கால்நடை மருத்துவர் தரும் மருந்துகள் பல. பிடரியில் சொட்டவிடும் ஃபிப்ரோனில், மாதம் ஒருமுறை தரும் அஃபாக்சோலானர் மாத்திரை, பன்னிரண்டு வாரம் வரை காக்கும் ஃப்ளூரலானர் மாத்திரை ஆகியன அவற்றுட் சில. நாயின் எடைக்கேற்பவே அளவு கணிக்கப்படும். வலிப்பு வரும் நாயாயின் முன்கூட்டியே மருத்துவரிடம் கூறவேண்டும். வீட்டில் பூனை இருந்தால் மிகுந்த கவனம் தேவை. நாய்க்கென்று செய்த பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனையைக் கொல்லவும் கூடும்.

நாய்க்கு மருந்திட்ட அன்றே வீட்டையும் தூய்மை செய்வீர்! நாய் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் துவைக்கவும். சுவர் வெடிப்புகளைச் சாந்து பூசி அடைக்கவும். இடுக்குகளைத் தூரிகையால் தேய்த்துப் பெருக்கி, சேர்ந்த குப்பையை எரிக்கவும். தொல்லை மிகுந்திருப்பின் மருத்துவர் சொல்லும் மருந்தைச் சுவர்களிலும் தெளிக்கலாம். காயும்வரை குழந்தைகளும் வளர்ப்புயிர்களும் அவ்விடம் செல்லாதிருக்கட்டும்.

ஒரு வாரத்தில் நாயின் உடல் தூய்மையாகிவிட்டது என்று ஓய்ந்துவிடக் கூடாது. சுவரிலுள்ள முட்டைகள் இன்னும் பொரிக்கும். குறைந்தது மூன்று மாதமேனும் இம்முயற்சி தொடர வேண்டும். மருந்து தரவேண்டிய நாளை நாட்காட்டியில் குறித்துவைத்து, நாள்தோறும் நாயின் காதையும் கால்விரல் இடுக்கையும் பெற்றோர் உடனிருக்கப் பார்க்கும் பொறுப்பை வளர்ந்த பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். பொறுமையோடு இதைச் செய்யும் இல்லத்தில் நாயும் நலமாயிருக்கும். அதை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடவேண்டிய தேவையும் எழாது.