மறுபிறவி எடுத்த படகு – 7: அட்லஸின் மூச்சுக்காற்று

ஸ்வினோமிஷ் கால்வாயில் இரண்டு முறை மூழ்கிய ‘வெஸ்டர்ன் ஃப்ளையர்’, சேறு அப்பிய உடம்போடு 2013-இல் போர்ட் டவுன்சென்ட் பட்டறைக்கு வந்து சேர்ந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். 1940-இல் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கையும் கடல் உயிரியலாளர் எட் ரிக்கெட்ஸையும் ஏற்றிக்கொண்டு கோர்தேஸ் கடலுக்குப் போன படகு இதுதான் என்பதைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு மறுபடி சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம் புதிய எஞ்சின் ஏறிய கதை என்று அறிவித்திருந்தோம். அதற்கு முன்பு பழைய எஞ்சினைப் பற்றி ஒரு பத்தி சொல்லிவிடலாம் என்று எடுத்தால், அது ஒரு பத்தியில் அடங்க மறுக்கிறது.

பயணத்தைப் பற்றி ஸ்டைன்பெக் எழுதிய புத்தகத்திலேயே படகின் அங்க அடையாளங்கள் இருக்கின்றன. நீளம் 76 அடி, அகலம் 25 அடி, 165 குதிரைத்திறன் எஞ்சின், வேகம் 10 நாட். கூடவே, அந்த டீசல் எஞ்சின் ‘நேரடியாகத் திருப்பக்கூடியது’ என்று ஒரு சொல். படிக்கிறவர்களில் பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். படகின் சுபாவம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள்தான் இருக்கிறது.

நம் கரையில் ஓடும் விசைப்படகை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே லேலண்ட் எஞ்சின் ஒரே திசையில்தான் சுற்றுகிறது. எஞ்சினுக்கும் புரொப்பல்லருக்கும் நடுவே கியர் பெட்டி. முன்னால் போக, பின்னால் வர, நடுவில் நிற்க, எல்லாவற்றுக்கும் ஒரு லிவர் போதும். வெஸ்டர்ன் ஃப்ளையரில் இருந்த அட்லஸ் எஞ்சினுக்கு இந்த வசதி கிடையாது. எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட்டோடு புரொப்பல்லர் ஷாஃப்ட் நேராகப் பூட்டப்பட்டிருக்கும். எஞ்சின் சுற்றினால் புரொப்பல்லரும் சுற்றும். புரொப்பல்லரை நிறுத்த வேண்டுமென்றால் எஞ்சினையே நிறுத்த வேண்டும்.

பின்னால் வர வேண்டுமென்றால்? எஞ்சினை நிறுத்திவிட்டு, எதிர்த்திசையில் மறுபடி ஓடவிட வேண்டும்!

அது எப்படி என்பதுதான் இந்த வாரத்தை விழுங்கிய விஷயம். வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடுவது கேம் ஷாஃப்ட். அதில் முன்னோட்டத்துக்கு ஒரு வரிசை, பின்னோட்டத்துக்கு ஒரு வரிசை என்று மேடுகள் அடுத்தடுத்து இருக்கும். எஞ்சின்காரர் முதலில் டீசலை நிறுத்துவார். சுழற்சி ஓய்ந்ததும் கேம் ஷாஃப்ட்டை நீளவாக்கில் சற்று நகர்த்துவார். இப்போது வால்வுகள் பின்னோட்ட மேடுகளின் ஆளுகைக்கு வந்துவிடும். பிறகு தொட்டியில் அழுத்தி அடைத்து வைத்திருக்கும் காற்றை சிலிண்டர்களுக்குள் திறந்துவிடுவார். காற்று பிஸ்டன்களைத் தள்ள, மொத்த இரும்பும் எதிர்ப்பக்கமாக உருளும். அந்த உருளலில் டீசல் பாயும், பற்றிக்கொள்ளும். படகு பின்வாங்கும்.

தேர்ந்த கை இதைச் சில நொடிகளில் முடித்துவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் தொட்டியிலிருந்து ஒரு பங்கு காற்று போய்விடுகிறது. நெரிசலான துறையில் படகைக் கட்ட வேண்டிய நேரம் எப்படி இருக்கும்? கொஞ்சம் முன்னே, நிறுத்து, பின்னே, நிறுத்து, மறுபடி முன்னே. இப்படி ஆறேழு முறை மாற்றினால் தொட்டியின் அழுத்தம் இறங்கிக்கொண்டே வரும். காற்று தீர்ந்துபோனால், டாங்க் நிறைய டீசல் இருந்தும் எஞ்சின் உயிர்பெறாது. பல டன் எடையுள்ள படகு, நிறுத்த ஆளில்லாமல் பாலத்தை நோக்கி மிதந்து போகும். அதனால் இத்தகைய படகுகளில் தலைவருக்குத் துறையின் நீரோட்டம் மட்டும் தெரிந்தால் போதாது. கீழே தொட்டியில் எத்தனை மூச்சு மிச்சம் இருக்கிறது என்ற கணக்கும் மனத்தில் ஓட வேண்டும்.

இது அருங்காட்சியகத்துக்குப் போய்விட்ட தொழில்நுட்பம் என்று நினைத்துவிடக் கூடாது. சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் வரும் பெரிய சரக்குக் கப்பல்களில் பலவும் இன்றைக்கும் இப்படித்தான் பின்னால் வருகின்றன. கியர் பெட்டி இல்லை. காற்றில் கிளம்பி, எஞ்சினே திசை மாறிச் சுற்றுகிறது. அப்படிப்பட்ட கப்பலில், தொட்டியை மறுபடி நிரப்பாமலே முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி 12 முறை எஞ்சினைக் கிளப்பும் அளவுக்குக் காற்று இருக்க வேண்டும் என்பது கப்பல் தரச்சான்று விதி. பன்னிரண்டு மூச்சு!

அட்லஸ் இம்பீரியல் நிறுவனம் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் இருந்தது. அமெரிக்க மேற்குக் கரையின் மீன்பிடிப் படகுகளில் அதன் எஞ்சின்கள் பேர்பெற்றவை. கனமானவை, நிதானமானவை. கார் சும்மா நிற்கும்போதே அதன் எஞ்சின் நிமிடத்துக்கு 700, 800 சுற்று சுற்றுகிறது. அட்லஸ் வகை எஞ்சின் முழுவேகத்தில் போகும்போதும் அதில் பாதியைத் தொட்டால் அதிகம். மெதுவாகச் சுழலும் பெரிய புரொப்பல்லர் தண்ணீரை நன்றாகப் பிடித்துத் தள்ளும். அதனால்தான் கியர் பெட்டியே வேண்டாம் என்று விட முடிந்தது. இன்னொன்று: இன்றைய டீசல் கார்களின் முதுகில் பெருமையாகப் பொறிக்கிறார்களே ‘காமன் ரெயில்’, ஒரே குழாயில் அழுத்தத்தோடு டீசலை வைத்து எல்லா சிலிண்டருக்கும் பகிர்வது, அந்த ஏற்பாட்டின் கணினி இல்லாத மூத்த வடிவம் அட்லஸ் எஞ்சின்களில் அப்போதே இருந்தது.

1940 மார்ச் 11 அன்று மாண்டரேயிலிருந்து புறப்பட்டு ஏப்ரல் 20-இல் திரும்பும்வரை அந்த எஞ்சினைக் கவனித்துக்கொண்டவர் டெக்ஸ் டிராவிஸ். ஆறு வாரம், ஏறத்தாழ 4,000 மைல். புத்தகத்தில் ஸ்டைன்பெக் திட்டித் தீர்ப்பதெல்லாம் சிறு தோணியில் மாட்டிய ஒரு அவுட்போர்டு மோட்டாரைத்தான். தேவைப்படும் நேரம் பார்த்து ஓட மறுக்கும் அந்த மோட்டாருக்கு ‘கடற்பசு’ என்று பெயரே வைத்துவிட்டார். அட்லஸ் அப்படி ஒரு வசவுக்கு இடம் வைக்கவில்லை.

அப்படியானால் படகைச் செப்பனிடும்போது ஒரு பழைய அட்லஸைத் தேடிப்பிடித்து மறுபடி ஏற்றியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். படகை எதற்காகக் காப்பாற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. மூழ்கிய காலத்தில் படகை வைத்திருந்தவர், ஸ்டைன்பெக்கின் சொந்த ஊரான சலினாஸில் ஒரு ஹோட்டலுக்குள் காட்சிப்பொருளாக நிறுத்தத் திட்டமிட்டார். அங்கே எந்த எஞ்சினும் வேண்டியதில்லை. 2015-இல் 10 லட்சம் டாலருக்கு வாங்கிய ஜான் கிரெக் கடல் நிலவியலாளர். மாணவர்களையும் ஆய்வாளர்களையும் ஏற்றிக்கொண்டு படகு மறுபடி கடலுக்குப் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். நீருக்கடியில் ஒலிவாங்கியை இறக்கிக் கேட்க வேண்டிய படகில் எஞ்சின் ஓசை அடங்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் நிற்கும் படகு, துறையை நெருங்கும்போது காற்றை எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. டீசலும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் முறையைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு.

ஆனால் எஞ்சினை மாற்றுவது பல்பை மாற்றுவது போல அல்ல. கனத்த எஞ்சின் அடிவயிற்றில் உட்கார்ந்திருப்பதையும் கணக்கில் கொண்டுதான் 1937-இல் டகோமாவில் இந்தச் சுருக்குமடிப் படகைக் கட்டினார்கள். எடை குறைந்த எஞ்சினை வைத்தால் படகு மிதக்கும் மட்டமே மாறும்; அதை வேறு பாரத்தால் ஈடுகட்ட வேண்டும். எஞ்சின் உட்காரும் நீளக்கட்டைகள் உறுதியாக இருக்க வேண்டும். அதனால்தான் முதலில் உடம்பு, பிறகு எஞ்சின். போர்ட் டவுன்சென்ட் தச்சர்கள் மேல்கட்டின் பெரும்பகுதியைக் காப்பாற்றினார்கள். உளுத்துப்போன அடிப்பகுதியில் பெரும்பாலான மரத்தைப் புதிதாகவே மாற்ற வேண்டியிருந்தது. பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பற்றுப் பார்த்தார்கள். கலப்பற்று என்ற நம் கரைச்சொல் போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. அந்தச் சொல்லின் பயணத்துக்கே ஒரு வாரம் வேண்டும்.

மரப்படகு கரையில் ஒரு வடிவத்திலும் தண்ணீரில் இன்னொரு வடிவத்திலும் இருக்கும். மிதக்கவிட்டதும் உடம்பு லேசாக வளைந்து கொடுக்கும். ஆகவே எஞ்சினையும் ஷாஃப்ட்டையும் கடைசியாக நேர்பிடிப்பதைப் படகு மிதக்கும்போதுதான் செய்ய வேண்டும். வெஸ்டர்ன் ஃப்ளையர் 2022-இல் தண்ணீரில் இறங்கியது. எஞ்சின் பூட்டும் வேலைக்காக சியாட்டிலுக்குப் போனது. 2023 நவம்பரில், மத்தி மீனின் காலமெல்லாம் முடிந்துபோன மாண்டரே துறைக்குள் தன் சொந்த எஞ்சினில் நுழைந்தது.

சியாட்டிலில் அந்த எஞ்சின் அறைக்குள் என்னென்ன இறங்கியது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.