முதுமையில் அறிவும் இயல்பும்

ஆண்டு ஏறுந்தோறும் மக்கட்கு அறிவு குன்றும் என்பது பொதுவழக்கு. எனினும், ஒருவர் 85 ஆம் அகவையிலும் தெளிவுற உரையாடுதலும், மற்றொருவர் 65 ஆம் அகவையிலேயே தம் மகன் பெயரை மறந்து மயங்குதலும் உலகத்துக் காணப்படுகின்றன. இவ்வேறுபாட்டிற்குக் கல்வி, வறுமை, குருதியழுத்தம், செவிப்புலக்குறை முதலிய காரணங்கள் பல உள. அவற்றோடு அவரவர் இயல்பும் ஒரு காரணமாமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

அறிவு என ஒரு சொல்லாற் கூறப்படினும், முதுமையில் அது ஒருபடித்தாகத் தேய்வதன்று. புதியதொன்றை விரைந்து பற்றுதல், இரண்டு செயல்களை ஒருங்கு நோக்குதல், வேண்டிய பெயரை உடனே நினைவுகூர்தல் என்பன முதுமைக்கு முன்னரே தளரத் தொடங்கும். சொல்வளமும் பொருளறிவும் பழகிய தொழிற்றிறமும் நெடுங்காலம் நிலைபெறும். இவ்வியற்கைத் தளர்ச்சி வேறு. மூளையைப் பற்றிய நோயால் வரும் மறதி வேறு. இரண்டனையும் ஒன்றென மயங்குதல் கூடாது.

பழகிய அறிவு நிலைபெறுதற்கு மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களே (1855–1942) சான்று. திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்ட நாள்களை, ஏறத்தாழ 70 ஆண்டுகள் கழிந்தபின், ‘என் சரித்திரம்’ என்னும் பெயரால் 1940 முதல் ஆனந்த விகடனில் அவர்கள் விரித்தெழுதினார்கள். கடிதங்களையும் குறிப்புக்களையும் ஒழுங்குறப் பேணிய அவர்களுடைய இயல்பும் யாவரும் அறிந்ததே. ஆயினும் ஒருவர் வாழ்க்கை கொண்டு விதி வகுத்தல் முறையன்று. பலரைப் பல்லாண்டு நோக்கியறிதல் வேண்டும்.

இக்கால உளநூலார் மக்களியல்பை ஐந்தாக வகுப்பர். அவை, கடமையில் ஒழுங்கு, எளிதிற் கலங்கும் மனம், புதியன அறியும் நாட்டம், பிறரொடு கலந்து பழகுதல், இணங்கி நடத்தல் என்பன. இவற்றுள் முதலிரண்டுமே நம் வினாவிற்குச் சிறப்பாக உரியன.

அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரத்து ரஷ் பல்கலைக்கழகத்தார் கத்தோலிக்கத் துறவியரை ஆண்டுதோறும் சோதித்து வருவதோர் ஆராய்ச்சியை 1994 இல் தொடங்கினர். துறவியர் வாழ்வு நம் மடங்களிற் போல உணவும் உறையுளும் நாட்கடனும் பெரும்பாலும் ஒத்தது. ஆகலின் இயல்பின் பயனைப் பிரித்தறிதற்கு ஏற்றது. தொடக்கத்தில் மறதிநோய் இல்லாத 997 பேரை 12 ஆண்டுகள் வரை நோக்கியதில், 176 பேர் அல்சைமர் என்னும் மறதிநோய் உற்றனர். கடமையொழுங்கின் வரிசையில் நூற்றுக்குத் தொண்ணூறாம் படியில் நின்றார்க்கு, பத்தாம் படியில் நின்றாரினும், அந்நோய் வரும் வாய்ப்பு 89 விழுக்காடு குறைந்திருந்ததென 2007 இல் வெளியிட்டனர். அதற்கு முன்னர் 2003 இல் வெளிவந்த ஆய்வு, எளிதிற் கலங்கும் இயல்பு மிக்கார்க்கு அந்நோய் ஏறத்தாழ இருமடங்கு நேர்ந்ததெனக் காட்டிற்று.

அற்றேல், நல்லியல்பு மூளையை நோய் அணுகாமற் காக்கும் போலும் எனின், அன்று. இறந்தோர் மூளையை அறுத்து நோக்கியவிடத்து, ஒழுங்குமிக்கார் மூளையினும் அந்நோய்க்குரிய அடையாளங்கள் குறைந்தில. கேடு ஒத்திருந்தும் அதன் பயன் ஒத்திலது. எனவே, இயல்பு கருவியின் தேய்வைத் தடுப்பதன்று; தேய்ந்த கருவியைக் கொண்டும் தொழில் நிகழ்த்துதற்குத் துணைசெய்வது எனக் கோடல் பொருந்தும். காலந்தவறா உறக்கம், மருந்தை மறவாமை, நாடோறும் ஓதுதல், உடலுழைப்பு என்பன ஒழுங்குடையார்க்குத் தாமே வாய்க்குமன்றோ? ஓயாக் கலக்கமோ உறக்கத்தையும் நினைவையும் ஒருங்கே கெடுக்கும்.

இனி, நோயே முன்னர் இயல்பை மாற்ற, அம்மாற்றத்தையே காரணமென மயங்கினரோ எனின், அதனையும் ஆராய்ந்துள்ளனர். பால்ட்டிமோர் நகரத்து நெடுநாளாய்வில் 2,046 பேர் தம்மியல்பைப் பற்றித் தாமே கூறியவற்றை ஒப்பிட்டு 2017 இல் வெளியிட்டோர், நோய் வெளிப்படுமுன் இயல்பு தனியே மாறியதற்குச் சான்று கண்டிலர். நோய் வெளிப்பட்டபின் மாறுதலை உடனுறைவோர் காண்பர். மூளையின் முன்பகுதியைப் பற்றும் ஒருவகை நோயிலோ, மறதிக்கு முன்னரே குணம் திரியும்.

இம்முடிபுகளை எல்லார்க்கும் அப்படியே ஏற்றுதலும் ஆகாது. பொலிவியா நாட்டுக் காட்டில் வேட்டையும் பயிரும் கொண்டு வாழும் சிமானே மக்களிடம் அவ்வைந்து வகுப்பும் பொருந்தவில்லை என 2013 இல் கண்டனர். யான் வாழும் வெள்ளிமலையிலும் அவ்வையம் எழுகின்றது. கல்வராயன் மலையில் எழுத்தறியாத முதியவர் ஒருவரிடம் இன்று ஆங்கிலத்திங்கள் எத்தனையாம் நாள் என வினவி, விடை வாராமை கண்டு அறிவு கெட்டதென்றல் பிழையாம். எந்தச் சரிவில் எந்நாளில் சாமை விதைத்தல் வேண்டுமென்பதை அவர் பிழையாது கூறுவர். அரியானா மாநிலத்துப் பல்லப்கர் ஊர்ப்புறத்தில் எழுத்தறியாத முதியோரை ஆராயப் புகுந்தோர், இக்குறை நோக்கியே இந்தியில் வேறு வினாக்களை அமைத்து 1995 இல் வெளியிட்டனர். அளவுகோல் மக்களுக்கு ஏற்ப அமைதல் வேண்டுமென்பது இதனாற் பெறப்படும்.

சித்தாந்த நூலுணர்ந்தார்க்கு இவை முற்றும் புதியன அல்ல. உயிர் அறிவுடையதேனும், அவ்வறிவு மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் கருவிகளின் வாயிலாகவே விளங்கும். கருவி கழன்றவழி விளங்காது. உயிர் சார்ந்ததன் வண்ணமாதலும் நம் நூற்றுணிபு. ஆகலின் எதனைச் சார்ந்து பழகுகின்றோம் என்பது முதுமைக்கண்ணும் பயன் தரும். இளமையிற் கொண்ட ஒழுங்கு முதுமைக்கு வைப்புநிதி. முதுமையிலும் அதனைக் கைக்கொள்ளல் கூடும்.

இதனின்றும் நம் இல்லங்கட்கு ஒரு கடமை பெறப்படும். பொறுமையே வடிவாயிருந்த தந்தை வெகுளுதலும், கணக்கிற் பிழையாத தாய் காசை ஒளித்துவைத்து மருமகள்மேல் ஐயுறுதலும் கண்டு, ‘வயதானபின் குணங் கெட்டது’ என வைதல் பலர்க்கு வழக்கம். அது குணக்கேடன்று, கருவிக்கேடாயிருத்தல் கூடும். மருத்துவரை நாடாது பழித்தல் இரட்டைக் கொடுமை. ஒழுங்கில்லாமையாலேயே நோயுற்றார் என நோயாளரைக் குற்றங் கூறுதலும் தகாது. மேற்கூறிய எண்கள் பலர்க்குரிய வாய்ப்பைக் காட்டுவனவன்றி, ஒருவர் வினையை அளப்பன அல்ல. கருவி தளர்ந்தாரைக் காணின், அவர் பழைய இயல்பை நாம் நினைவிற்கொண்டு பேணுதலே அறமாகும்.