பிக் மேக் சாஸ் ரகசியம் உங்கள் அடுப்படியில்... தெரியுமா?

உலகமே தேடிய ஒரு சாஸின் ரகசியத்தை, அதை விற்கும் நிறுவனமே போட்டு உடைத்தது தெரியுமா? 2012இல் மெக்டொனால்ட்ஸ் கனடா ஒரு யூடியூப் வீடியோ வெளியிட்டது. அதில் நிறுவனத்தின் தலைமைச் சமையற்கலைஞரே தோன்றி, கடையில் வாங்கிய பொருள்களை வைத்து பிக் மேக் பர்கரின் சாஸைக் கலக்கிக் காட்டினார்!

உள்ளே என்னென்ன? மயோனைஸ், இனிப்பு வெள்ளரி ரெலிஷ், மஞ்சள் மஸ்டர்ட், வெள்ளை ஒயின் வினிகர், பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி, பாப்ரிகா மிளகாய்ப் பொடி. ஏழே ஏழு! தக்காளி கெட்சப்? ஒரு சொட்டுகூட இல்லை! அந்த இளஞ்சிவப்பு நிறம் பாப்ரிகா தந்தது!

அந்தப் பாப்ரிகாவுக்கு நோபல் பரிசிலும் பங்கு உண்டு, தெரியுமா? ஹங்கேரியின் செகெட் நகரில் விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜி வைட்டமின் சி-யை ஏராளமாகப் பிரித்தெடுத்தது பாப்ரிகா மிளகாயிலிருந்துதான். 1937இல் நோபல்!

அமெரிக்க மஸ்டர்டின் பளிச் மஞ்சள் எங்கிருந்து வருகிறது? வெண்கடுகை அரைத்தால் அப்படியொரு நிறம் வரவே வராது. கலந்திருப்பது மஞ்சள் தூள்! ஆமாம், 2019இல் ஈரோட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்த அதே மஞ்சள் இனம்!

1967இல் பென்சில்வேனியாவின் யூனியன்டவுனில் மெக்டொனால்ட்ஸ் கடைக்காரர் ஜிம் டெலிகாட்டி முதல் பிக் மேக்கை விற்றபோது விலை வெறும் 45 சென்ட்! அடுத்த ஆண்டே அமெரிக்கா முழுக்கப் பரவியது. அதைவிட ஆச்சரியம் கேளுங்கள்: நடுவில் சாஸின் செய்முறையை மாற்றினார்கள். 2004இல் பழைய ருசியைத் திரும்பக் கொண்டுவர நினைத்தால், மூலச் செய்முறையையே காணோம்! கடைசியில் அது கிடைத்தது எங்கே? தொடக்கத்தில் சாஸை உருவாக்க உதவிய கலிஃபோர்னிய சப்ளையரின் பழைய கோப்பில்! நல்லவேளை, அவர்கள் தூக்கி எறியவில்லை!

இந்தியாவில் பிக் மேக் கிடையாது. 1996இல் மெக்டொனால்ட்ஸ் இங்கே வந்தபோதே மாட்டிறைச்சி இல்லாத மகாராஜா மேக்தான்! அப்படியானால் அந்தச் சாஸை ருசிக்க வழி? நாமே செய்வதுதான்!

முதலில் மயோனைஸ். அந்தப் பெயரில் விற்க, அமெரிக்க விதிப்படி எடையில் குறைந்தது 65 சதவீதம் எண்ணெய் இருக்க வேண்டும், தெரியுமா? பச்சை முட்டை மயோனைஸ் வேண்டாம். சால்மோனெல்லா கிருமி பயத்தால் தமிழ்நாடு அரசே 2025 ஏப்ரலில் அதற்கு ஓராண்டு தடை போட்டது! கால் கப் குளிர்ந்த பாலை மிக்சியில் ஓடவிட்டு, முக்கால் கப் ரீஃபைண்ட் எண்ணெயை மெல்லிய நூலாக ஊற்றுங்கள். எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்ததும் கெட்டிப்படும். முட்டையே இல்லை!

அதில் அரை கப் எடுத்துக்கொள்ளுங்கள். ரெலிஷ் 2 டேபிள்ஸ்பூன், மஸ்டர்ட் 2 டீஸ்பூன், வினிகர் 1 டீஸ்பூன், மூன்று பொடிகளும் அரை அரை டீஸ்பூன். பாப்ரிகா இல்லையா? காஷ்மீரி மிளகாய்த்தூள் கால் டீஸ்பூன் போதும், நிறம் அள்ளும்! ரெலிஷ் கிடைக்கவில்லையா? வெள்ளரிப் பிஞ்சைப் பொடியாக நறுக்கி, வினிகரிலும் சர்க்கரையிலும் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து போடுங்கள்.

கலக்கியதும் நாக்கில் வைத்துவிடாதீர்கள்! பூண்டுப் பொடியும் வெங்காயப் பொடியும் ஈரம் குடித்து ஊற வேண்டும். ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம். அதற்குள் பன்னை வெண்ணெயில் வாட்டி வையுங்கள்!