பாளணாகருக்கு அனுப்பலாமா?

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில், குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பது தீராத கேள்வி. மும்பையில் அதற்குக் கிடைத்த விடை, பாளணாகர் என்று எல்லோரும் மராத்தியிலேயே சொல்லும் குழந்தைகள் காப்பகம். செம்பூரில் எங்கள் கட்டடத்துக்கு நாலு வீடு தள்ளி ஒரு பாளணாகர் இருக்கிறது. நம்மூர் அம்மாள் ஒருவர் நடத்துகிறார். என் பேத்தி பாலர் பள்ளி முடிந்ததும் அங்கே போவாள். எட்டு மாதப் பேரனையும் அங்கே விடுவதாக ஏற்பாடு. மருமகளின் பிரசவ விடுமுறையும், அதன்மேல் எடுத்த லீவும் தீர்ந்துவிட்டன.

அப்போதுதான், 2022 நவம்பரில், அந்தச் செய்தி வந்தது. மும்பையில் தட்டம்மை! நம் கிராமங்களில் மணல்வாரி என்பார்களே, மராத்தியில் கோவர், அதேதான். அக்டோபர் கடைசியில் கோவண்டியில் தொடங்கி குர்லா, தாராவி என்று பரவியது. பத்துக்கும் மேற்பட்ட பிஞ்சுகள் மாண்டன. சிஞ்ச்போக்லியில் உள்ள கஸ்தூர்பா தொற்றுநோய் மருத்துவமனையில் குழந்தைகள் நிறைந்தார்கள். கோவண்டி எங்களுக்கு வேற்றூர் அல்ல. ரயிலில் செம்பூருக்கு அடுத்த ஸ்டேஷன்.

எனக்கு இந்த நோயின்மேல் ஒரு பழைய பயம் உண்டு. 1957இல், திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில், என் மூன்று வயதுத் தங்கைக்கு மணல்வாரி கண்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். ‘அம்மை வந்திருக்கிறாள், மருந்து கொடுக்கக் கூடாது’ என்றார் பாட்டி. உடம்பில் பொரி இறங்கியது. ஆனால் மார்ச்சளி கட்டிக்கொண்டது. ஒன்பதாம் நாள் தங்கை போய்விட்டாள். அன்று உலகத்திலேயே இதற்குத் தடுப்பூசி கிடையாது. அது வந்தது 1963இல். நம் நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது 1985இல். எனவே பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வேப்பிலையைப் பார்த்து, பிள்ளைகள் உள்ள வீட்டார் எங்கள் தெருப்பக்கமே வராமல் விலகி நின்றார்கள். அந்தக் காலத்துக்கு அதுவே ஒரு காவல்.

அன்றிரவு வீட்டில் மாநாடு. “பேரனை அனுப்ப வேண்டாம்” என்றேன். “அப்படியானால் நான் வேலையை விட வேண்டியதுதான், மாமா” என்றாள் மருமகள். என் மனைவிக்கோ முழங்கால் வலி. தவழும் பிள்ளையைத் துரத்த முடியாது. நான் அடுத்த ஆலோசனையைச் சொன்னேன்: “நம் வீட்டு வேலைக்கு வரும் பெண் சீட்டா கேம்ப்பிலிருந்து வருகிறாள். அவளுக்கும் சின்னப் பையன் இருக்கிறான். கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.” மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். “ஏங்க, அவள் குழந்தை குழந்தையில்லையா?” அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் எங்கள் குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் சொன்னதை நேயர்களுக்காக எழுதுகிறேன். தடுப்பு இல்லாத பத்துக் குழந்தைகள் நோயாளியின் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்கு இது தொற்றும். நோயுற்ற குழந்தை போன பிறகும் அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி இருக்கும். உடம்பில் பொரி தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பரவும். ஆகவே ‘காய்ச்சல் உள்ள குழந்தையை அனுப்ப வேண்டாம்’ என்று பலகை மாட்டினால் மட்டும் போதாது. சுற்றியுள்ள குழந்தைகள் எல்லோரும் ஊசி போட்டிருக்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் ஊசி போடும் வயது வராத சிசுக்களுக்குப் பாதுகாப்பு. முதல் தவணை 9 மாதம் முடிந்ததும். இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள்.

“பேத்தியின் கார்டைக் கொண்டு வந்தீர்களா?” என்று கேட்டார். கொடுத்தோம். இரண்டாம் தவணைக் கட்டம் வெறுமையாக இருந்தது!

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவளுக்குப் பதினாறு மாதம் ஆனது 2020 மார்ச்சில். அந்த மாதம்தான் ஊரடங்கு வந்தது. பிறகு பார்க்கலாம் என்றோம், மறந்தே போனோம். உலகம் முழுவதும் 2021இல் மட்டும் ஏறக்குறைய நான்கு கோடிக் குழந்தைகள் தட்டம்மைத் தவணை ஒன்றைத் தவறவிட்டார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அப்படித் தவணை தவறிய குழந்தைதான் என் பேத்தியும். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் எனக்குத் தலை நிமிரவில்லை.

அன்று மாலை வேலைக்கு வந்த பெண்ணிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “இருக்கு ஐயா” என்றவள், மறுநாள் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். இரண்டு தவணையும் தேதியோடு எழுதியிருந்தன. “அங்கன்வாடி அக்கா வீட்டுக்கே வந்து கூட்டிப் போனாங்க.” யாரை வர வேண்டாம் என்று சொல்ல நினைத்தேனோ, அவள் வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. குறை என் வீட்டில்.

பிறகு பாளணாகர் அம்மாளைப் பார்த்தோம். எல்லாக் குழந்தைகளின் கார்டையும் கேட்டுப் பார்க்கும்படி சொன்னோம். “பெற்றோர் கோபித்துக்கொண்டு பிள்ளையை நிறுத்திவிட்டால் என் பிழைப்பு என்னாவது?” என்றார். நியாயமான பயம். “எங்கள் வீட்டுக் குறையை முதலில் சொல்லுங்கள், அப்புறம் யாரும் கோபிக்க மாட்டார்கள்” என்றேன். அப்படியே செய்தார். பதினான்கு பேரில், என் பேத்தியோடு சேர்த்து, மூன்று பேருக்கு இரண்டாம் தவணை விட்டுப்போயிருந்தது. மூன்றுமே லிஃப்ட் வைத்த கட்டடத்துப் பிள்ளைகள். ஒரே வாரத்தில் மூவருக்கும் ஊசி போட்டாயிற்று.

எங்கள் முடிவு இதுதான். பேத்தி ஊசி போட்ட பின் இரண்டு வாரம் வீட்டில். எதிர்ப்புச் சக்தி உருவாக அவ்வளவு நாள் வேண்டும். பேரன் ஒன்பது மாதம் முடிந்து ஊசி போட்டு, மேலும் இரண்டு வாரம் கழியும் வரை வீட்டில். மகனும் மருமகளும் மாறி மாறி லீவு போட்டார்கள். வேலைக்கு வரும் பெண் கூடுதல் சம்பளத்துக்கு மதியம் வரை இருந்தாள். குழந்தைகள் வராத நாட்களுக்கும் பாளணாகர் கட்டணத்தைக் கொடுத்தோம். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் பேரன் முதன்முதலாகப் பாளணாகருக்குப் போனான். வாசலில் அழுதது அவன் அம்மாதான்.

அன்பர்களே, நோய் பரவும் காலத்தில் குழந்தையை அனுப்புவதா, வேண்டாமா என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. குழந்தையின் வயது, அதன் கார்டு, பக்கத்தில் உட்காரும் குழந்தையின் கார்டு ஆகிய மூன்றையும் பார்த்தால் விடை தானே தெரியும். தவணை விட்டுப்போயிருந்தால் ஐந்து வயது வரை மாநகராட்சி மருந்தகத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். பொரி கண்டால் வேப்பிலை செருகுங்கள், அம்மனைக் கும்பிடுங்கள். ஆனால் அன்றே டாக்டரிடமும் காட்டுங்கள். வைட்டமின் ஏ மருந்து கொடுப்பார்கள். கண்ணையும் உயிரையும் காப்பாற்ற அது உதவும்.

இதைப் படித்து முடித்ததும் பீரோவைத் திறந்து, உங்கள் வீட்டுக் குழந்தையின் கார்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நானும் ‘எல்லாம் போட்டாயிற்று’ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.