எக்ஸெல்லில் தூரக் கணக்கு

வேகத்தை நேரத்தால் பெருக்கினால் தூரம். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் எக்ஸெல் தொகுப்பில் போட்டால் விடை வேறாக வருகிறதே என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேட்பதுண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர், மகளின் வீட்டுப் பாடத்தை எக்ஸெல்லில் சரி பார்த்துவிட்டு, அவள் போட்டிருந்த சரியான விடையை அழிக்கச் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் மீது அவ்வளவு நம்பிக்கை!

கணக்கு இதுதான். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு கார் 2 மணி 30 நிமிடம் ஓடுகிறது. ஏ2 செல்லில் 60, பி2 செல்லில் 2:30 என டைப் செய்து, சி2 செல்லில் =ஏ2*பி2 எனக் கொடுத்து என்டர் தட்டுங்கள். (செல் பெயர்களை ஆங்கில எழுத்துகளில் அமைக்கவும்.) வர வேண்டியது 150. வருவதோ 6.25. அந்த செல் நேரத்திற்கான பார்மட்டில் இருந்தால் 6:00 என்று காட்டி இன்னும் குழப்பும்.

எக்ஸெல் ஒரு முழு நாளை 1 என்று எடுத்துக்கொள்கிறது. பகல் 12 மணி அதற்கு 0.5. நம் கண்ணுக்கு 2:30 என்று காட்டினாலும், உள்ளே அது வைத்திருப்பது 0.1041667 நாள். நாம் கொடுத்த வேகமோ மணிக் கணக்கில் இருக்கிறது. எனவே நாளை மணியாக்க 24ஆல் பெருக்க வேண்டும்:

=ஏ2*பி2*24

இப்போது 150 கிடைக்கும். நேரமாகத் தெரிந்தால், கண்ட்ரோல் கீயுடன் 1 அழுத்தி, நம்பர் டேபில் ஜெனரல் தேர்ந்தெடுத்து ஓகே தரவும்.

இதைவிட மோசமான சிக்கல் ஒன்று உண்டு. நாம் நேரத்தை 2.30 என்று புள்ளி வைத்து எழுதிப் பழகியவர்கள். அப்படி டைப் செய்தால் எக்ஸெல் அதை நேரமாகவே பார்க்காது, 2.3 என்ற எண்ணாக எடுத்துக்கொள்ளும். 24 சேர்க்காத முதல் பார்முலாவில் விடை 138 என வரும். 6.25 கி.மீ. என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். 138ஐ யார் சந்தேகிப்பார்கள்? புள்ளிதான் வேண்டும் என்றால் இரண்டரை மணியை 2.5 என்று கொடுங்கள். அப்போது 24 தேவையில்லை. 20 நிமிடம் மட்டும் என்றால் 0:20 என டைப் செய்யவும்.

இரவுப் பயணம் என்றால் இன்னொரு மாற்றம். இரவு 10 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை 5 மணிக்குச் சேர்ந்தால், கழித்தவுடன் மைனஸில் போய்விடும். நேர பார்மட்டில் செல் முழுக்க ##### தெரியும். பி2வில் 22:00, சி2வில் 5:00 கொடுத்து, டி2வில் ஒரு நாளைக் கூட்டிவிடுங்கள்:

=(சி2-பி2+1)*24*ஏ2

7 மணி நேரத்திற்கு 420 கி.மீ. வரும். நள்ளிரவைத் தாண்டாத பயணத்திற்கு இந்த +1 கூடாது. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பிலும் இந்தப் பார்முலாக்கள் இப்படியே வேலை செய்யும்.