தீயை அறைக்குள் அடைக்கும் சுவர்கள்

கட்டடத்தில் தீயை எதிர்கொள்ளும் ஏற்பாடுகள் இரண்டு வகை. அலாரம், ஸ்பிரிங்க்ளர், தீயணைப்பான் போன்றவை தீப்பிடித்த பிறகு இயங்க வேண்டியவை. இன்னொரு வகை, கட்டடத்தின் உடம்போடு சேர்ந்தே இருப்பது: சுவர், தளம், கதவு, தூண்மேல் பூச்சு. இவற்றுக்கு மின்சாரமோ தண்ணீரோ தேவையில்லை. பிடித்த இடத்திலேயே தீயை அடைத்து வைத்து, உள்ளே இருப்பவர்கள் வெளியேற அவகாசம் தருவதுதான் இவற்றின் வேலை.

அந்த அவகாசம் நிமிடக் கணக்கில் சொல்லப்படுகிறது. அதை அளக்க, சுவரைப் பரிசோதனை உலையில் பொருத்துவார்கள். உலையின் வெப்பநிலை முதல் 30 நிமிடத்தில் சுமார் 840 டிகிரி செல்சியஸையும், ஒரு மணி நேரத்தில் 945 டிகிரியையும், இரண்டு மணி நேரத்தில் 1,050 டிகிரியையும் தொடும்படி ஏற்றப்படும். அந்தச் சூட்டில் சுவர் இடியாமல் நிற்கிறதா, விரிசல் வழியே தீ நுழைகிறதா, மறுபக்கம் அளவுக்கு மீறிச் சூடேறுகிறதா என்று பார்ப்பார்கள். இவற்றில் தேறி நிற்கும் நேரமே அதன் தரம்.

எஃகு எரியாது, ஆனால் 550 முதல் 600 டிகிரிக்குள் ஏறக்குறையப் பாதி வலுவை இழந்துவிடும். அதனால்தான் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு மேல் போதுமான தடிமனில் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. வெளியே தெரியும் எஃகுத் தூண்களுக்குச் சிறப்பு வண்ணப்பூச்சு உண்டு. சாதாரண நாளில் அது வெறும் பெயின்ட். வெப்பம் ஏறியதும் பூரி போல உப்பி, பல மடங்கு தடித்த கரி நுரையாகி, எஃகுக்குள் சூடு இறங்குவதைத் தாமதப்படுத்தும். ஜிப்சம் பலகை காப்பது வேறு விதம். அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, வேதிப்பிணைப்பில் இருக்கும் தண்ணீர். அது ஆவியாகித் தீரும்வரை பலகையின் மறுபக்கம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும்.

சுவர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஆபத்து அதில் போடும் ஓட்டையில் இருக்கிறது. கேபிள், தண்ணீர்க் குழாய், ஏசி குழாய் என எல்லாம் சுவரையும் தளத்தையும் துளைத்துக்கொண்டுதான் போகின்றன. கட்டடத் தீ விபத்துகளில் தீக்காயத்தைவிடப் புகையே அதிகம் பேரைக் கொல்கிறது. புகைக்குச் சிறு இடுக்கும் போதும். 2011 டிசம்பரில் கொல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனையில் தீ பிடித்தது அடித்தளத்தில். மேல் தளங்களில் படுத்திருந்த நோயாளிகளைப் புகை தேடிப் போனது. சுமார் 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மூச்சுத் திணறியே இறந்தார்கள்.

இந்த ஓட்டைகளை அடைக்கத் தனிப் பொருள்கள் இருக்கின்றன. கேபிள்களைச் சுற்றித் தீ தாங்கும் கலவை பூசுவார்கள். பிளாஸ்டிக் குழாய் தீயில் உருகி ஓட்டையைத் திறந்துவிடும் என்பதால், வெப்பத்தில் உப்பும் பொருள் வைத்த வளையம் அதன்மேல் மாட்டப்படும். குழாய் உருக உருக வளையம் நெருக்கி வழியை மூடிவிடும். காற்றுக் குழாய்க்குள் இருக்கும் தகடு, சுமார் 72 டிகிரியில் இணைப்பு உருகியதும் தானாக விழுந்து மூடும். மின் கேபிள் செல்லும் செங்குத்துப் பாதையை ஒவ்வொரு தளத்திலும், தளத்தின் தீத்தாங்கு நேரத்துக்கு இணையாக அடைக்க வேண்டும் என்கிறது இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016.

தீத்தடுப்புக் கதவும் இப்படித்தான். அதன் ஓரத்தில் பதித்த பட்டை சூட்டில் உப்பி இடைவெளியை அடைக்கும். ஆனால் சூடேறாத புகை அதற்கு முன்பே நுழைந்துவிடும். அதற்கு ரப்பர் அல்லது தூரிகை போன்ற தனிப் பட்டை வேண்டும். இவை எல்லாம் கதவு மூடியிருந்தால்தான் பயன்படும். மாடிப்படிக் கதவுக்கு நாற்காலியை அண்டை கொடுத்துத் திறந்து வைப்பது, 120 நிமிடப் பாதுகாப்பை ஒரே அடியில் இல்லாமல் செய்துவிடுகிறது.

கட்டி முடிக்கும்போது எல்லாம் ஒழுங்காக இருந்திருக்கலாம். ஆறு மாதம் கழித்து இணைய இணைப்பு கொடுக்க வருபவர் சுவரில் துளை போட்டு, கேபிளை இழுத்துவிட்டுப் போய்விடுவார். பொய்க்கூரைக்கு மேலே இருக்கும் அந்த ஓட்டை யார் கண்ணிலும் படாது. துளையை முறையாக அடைத்ததை நேரில் பார்த்துப் படமெடுத்து வைத்த பிறகே ஒப்பந்தக்காரருக்குப் பணம் தருவது என்று கட்டட நிர்வாகிகளும் குடியிருப்போர் சங்கங்களும் முடிவு செய்ய வேண்டும்.