காதில் கோபம், கையில் பாடம்

சுங்கை சிப்புட் தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர், இன்று ஈப்போவில் படித்துக்கொண்டே தொழில்நுட்ப உதவிச் சேவையில் வேலை செய்கிறார்கள். இணையம் துண்டிக்கப்பட்ட வாடிக்கையாளரின் கோபம் முதலில் விழுவது இவர்கள் காதில்தான். அது பழுதின்மீதுள்ள கோபம், உங்கள்மீது அல்ல. அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு திருப்பிச் சொல்லுங்கள். பெரும்பாலும் குரல் தணியும்.

சட்டமும் துணை நிற்கிறது. வேலைவாய்ப்புச் சட்டப்படி, பொதுவாகத் தொடர்ந்து 5 மணி நேர வேலைக்குப்பின் 30 நிமிட ஓய்வு உண்டு. 2023 ஜனவரி முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்துள்ளது. வேலை நேரத்தை மாற்றித்தர எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி பதிலளிக்க 60 நாள் அவகாசம் இருப்பதால், தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பே எழுதிக் கொடுங்கள்.

தூக்கம் கெட்டு, பாடம் ஏறாமல் போனால், சுகாதார அமைச்சின் 15555 உதவி எண்ணை அழையுங்கள். வேறு வேலை தேடிக்கொள்ளலாம். பாதியில் விட்ட படிப்பைத் தொடர்வதுதான் கடினம்.